லிவாய் ஒப்புக்கொண்ட பாட்டு

லிவாய்க்கு ஐம்பத்து மூன்று வயது. இத்தனை வருடத்தில் அவர் யாரிடமும் ‘இல்லை’ என்று சொன்னதில்லை. இதை யாரும் பாராட்டாகச் சொல்லவில்லை. அவர் மனைவி உலமிலா புகாராகச் சொல்கிறாள்.

தலைநகர் சுவாவில் தண்ணீர் மீட்டர் பார்த்து எழுதுவது அவர் வேலை. இருபத்தாறு வருடமாக அதே தெருக்கள், அதே நாய்கள். “இந்த மீட்டர் பொய் சொல்லுது லிவாய்” என்று வீட்டுக்காரர்கள் வாசலுக்கே வந்து நிற்பார்கள். “இருக்கலாங்க, பாவம், அதுக்கும் வயசாகுதுல்ல” என்பார் லிவாய். பிறகு குனிந்து, மீட்டர் என்ன காட்டுகிறதோ அதை அப்படியே எழுதிக்கொள்வார். வீட்டுக்காரருக்குத் தான் ஜெயித்த மாதிரி இருக்கும். பில் வரும்போதுதான் தெரியும். அதற்குள் லிவாய் நாலு தெரு தள்ளிப் போயிருப்பார்.

அவருக்கு ஓர் அண்ணன், எமோசி. ஊரிலேயே, வுனிதாகா தீவிலேயே இருந்துவிட்டவர். படகு ஓட்டுவார், படகு ஓடாதபோது அதைத் திட்டுவார். ஊரில் இருவரும் இன்னும் இரண்டு சொந்தக்காரர்களும் சேர்ந்து ஒரு பாட்டுக் குழு வைத்திருந்தார்கள். கவா என்கிற வேர்ச்சாற்றுப் பானையைச் சுற்றி உட்கார்ந்து, கிதாரும் அதன் குட்டியான உக்குலேலேயும் வைத்துக்கொண்டு பாடுகிற குழு. எங்கள் தீவுகளில் வீட்டுக்கு வீடு உண்டு. எமோசிக்கு உச்சக் குரல். பெண்கள் எட்ட முடியாத இடத்தில் போய் நின்றுகொண்டு, அங்கிருந்து எல்லோரையும் கேலியாகப் பார்ப்பது போலப் பாடுவார். லிவாய்க்கு அடிக்குரல். அடிக்குரலை யாரும் கவனிப்பதில்லை, நின்றுபோனால்தான் தெரியும்.

பாட்டுகளை எழுதியது லிவாய்தான். ஊரில் எல்லோரும் எமோசி எழுதியதாக நினைத்துக்கொண்டிருந்தார்கள். லிவாய் அதையும் மறுக்கவில்லை.

அவற்றில் ஒன்று கப்பல் பாட்டு. ஒருத்தன் ஊரைவிட்டுக் கிளம்புகிறான். நம் ஆட்கள் விடைபெறுகிற லட்சணம் தெரிந்ததுதானே. வீடு வீடாகப் போய்ச் சொல்கிறான், பாதிரியாரிடம் சொல்கிறான், பன்றியிடம் சொல்கிறான். சொல்லி முடிப்பதற்குள் கப்பல் போய்விடுகிறது. பிறகு அவன் மறுபடி வீடு வீடாகப் போய், நான் திரும்பி வந்துவிட்டேன் என்று சொல்ல வேண்டியிருக்கிறது. அவ்வளவுதான் பாட்டு. பன்றி வருகிற வரியில் எமோசி ஒரு கண்ணைச் சிமிட்டுவார்.

பன்னிரண்டு வருடத்துக்கு முன், ஊர்க் கோயில் கூடத்தில் அவர்கள் அதைப் பாடியதை லிவாயின் மகள் தைனா செல்போனில் படம் பிடித்தாள். நாலு நிமிடம் பன்னிரண்டு நொடி. வெளிநாட்டுச் சொந்தங்கள் பார்க்கட்டும் என்று இணையத்தில் அப்பா பெயரிலேயே போட்டுவைத்தாள். அறுநூற்றுச் சொச்சம் பேர் பார்த்திருந்தார்கள், அத்தனை பேரும் உறவு. அந்த செல்போன் பிறகு கடலில் விழுந்தது. எமோசி பாடியது வேறெங்கும் பதிவாகவில்லை. தினமும் பாடுகிறவரை யார் பதிவு செய்வார்கள்?

இந்த ஏப்ரலில் எமோசி இறந்துபோனார். படகு இன்ஜினைக் கழற்றிப் பரப்பி வைத்துவிட்டு, கொஞ்சம் சாய்ந்துகொள்கிறேன் என்றவர் எழுந்திருக்கவில்லை. இன்ஜினைத் திரும்பப் பூட்ட ஊரில் யாருக்கும் தெரியவில்லை.

அடக்கம் முடிந்ததும் ஆளுக்கு ஒரு விலக்கு எடுத்துக்கொண்டார்கள். இறந்தவருக்காக நூறு இரவு ஏதாவது ஒன்றை விட்டுவிடுவது வழக்கம். ஆண்கள் சவரத்தை விட்டார்கள். உலமிலா டின் மீனை விட்டாள். அவளுக்கு அது சின்ன விஷயமில்லை. லிவாய் எழுந்து நின்று, “நான் பாடமாட்டேன்” என்றார். சுவாவிலிருந்து கூட வந்திருந்த பாதிரியாருக்கு முகம் சுருங்கிவிட்டது. அங்கே கோயில் பாடகர் குழுவில் அடிக்குரல் லிவாய் ஒருவர்தான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை துதிப்பாட்டு தரை போடாத வீடு மாதிரி அந்தரத்தில் நின்றது.

முப்பத்தெட்டாம் நாள் காலை, வேலைக்குப் போகிற பஸ்ஸில் லிவாயின் போனுக்கு அந்த இணையதளத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. கப்பல் பாட்டுப் படத்தைப் பற்றியது. ‘உங்கள் காணொளியில் வேறொருவருக்குச் சொந்தமான ஒலி இருக்கிறது’ என்று மரியாதையாகவே எழுதியிருந்தது. கீழே இரண்டு பொத்தான்கள். ஒன்றில் ‘ஏற்கிறேன்’, இன்னொன்றில் ‘மறுக்கிறேன்’.

லிவாய் மூன்று முறை படித்தார். யாரோ ஒருவர், தன் பொருள் இவர் வீட்டில் இருப்பதாக வந்து சொல்கிறார். இதற்கு எங்களிடம் ஒரு முறை இருக்கிறது. வாசலில் நிற்கிறவனிடம் வாதாடக் கூடாது. நீங்கள் சொல்வது சரிதான், உள்ளே வாருங்கள் என்று பாயை விரிக்க வேண்டும். கவா கரைக்க வேண்டும். முதல் சிரட்டைக்கு மழையைப் பற்றிப் பேச்சு. மூன்றாம் சிரட்டையில் விஷயம் மெல்ல வெளியே வரும். ஐந்தாம் சிரட்டையில் வந்தவனே, அது உன்னுடையதாகத்தான் இருக்கும், நான்தான் தப்பாக நினைத்துவிட்டேன் என்பான். எடுத்த எடுப்பில் மறுப்பவன் வளர்ப்பு சரியில்லாதவன்.

லிவாய் ‘ஏற்கிறேன்’ என்பதை அழுத்தினார். பிறகு, அடுத்துப் பேச்சு தொடங்கும் என்று காத்திருந்தார். ‘நன்றி’ என்று ஒரு வரி வந்தது. அதற்கப்புறம் எதுவும் வரவில்லை.

அன்று சாயங்காலம் உலமிலா மரவள்ளிக் கிழங்கு தோல் சீவ உட்கார்ந்தாள். தினமும் அந்த நேரத்தில் போனைச் சுவரில் சாய்த்து வைத்து, எமோசி பாடுவதைக் கேட்டுக்கொண்டே சீவுவது அவளுக்குப் பழகியிருந்தது. அன்றைக்கு எமோசியின் வாய் அசைந்தது, கழுத்து நரம்பு புடைத்தது, சத்தம் மட்டும் வரவில்லை. போனைத் தட்டிப் பார்த்தாள். முழங்காலில் வைத்து ஓர் அறை அறைந்தாள். அப்புறம்தான் படத்துக்குக் கீழே இருந்த வரியைப் படித்தாள்.

“தைனா அப்பா. இங்க வாங்க.”

லிவாய் வந்தார்.

“இது அடுத்தவங்க பாட்டுன்னு நீங்க ஒத்துக்கிட்டதா போட்டிருக்கு.”

“ஆமா. காலைல கேட்டாங்க.”

“கேட்டா?”

“உடனே இல்லைன்னா நல்லாவா இருக்கும்?”

உலமிலா கத்தியைக் கீழே வைத்தாள். “ஒருத்தன் வாசல்ல வந்து நின்னு, இவ என் பொண்டாட்டின்னா அதுக்கும் ஆமான்னுதான் சொல்வீங்களா?”

லிவாய் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார், அதுதான் அவளுக்கு ஆத்திரம். “முதல்ல உக்காரச் சொல்லுவேன்” என்றார்.

“அது மிஷினு. அதுக்கு உக்காரத் தெரியாது.”

இதை அவர் நினைத்துப் பார்த்திருக்கவில்லை. இன்னும் அறுபத்திரண்டு இரவு இருந்தது. நூறாம் நாள் சடங்குக்கு எல்லோரும் தீவுக்கு வருவார்கள். அன்றைக்குக் கோயில் கூடத்தில் வெள்ளைத் துணி கட்டி எமோசி பாடுவதைக் காட்டுவதாக லிவாய் அண்ணியிடம் வாக்குக் கொடுத்திருந்தார். அண்ணி கேட்டது அது ஒன்றைத்தான். அன்றிரவு லிவாய் சாப்பிடவில்லை. தன் கையாலேயே அண்ணன் வாயை மூடிவிட்ட மாதிரி இருந்தது அவருக்கு.

அதற்கு மூன்றாம் நாள் அரை நாள் லீவு போட்டுக்கொண்டு பாட்டு உரிமைச் சங்கத்துக்குப் போனார். செருப்புக் கடைக்கு மேலே இரண்டு அறை, ஒரு மின்விசிறி, ஷலேந்திரா என்று ஒரு குமாஸ்தா. நாட்டில் யார் எந்தப் பாட்டை எழுதினார்கள் என்பதெல்லாம் அவர் பீரோவில்தான் இருக்கிறது. பீரோ சரியாக மூடாது.

ஷலேந்திரா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “பாட்டு யாரு எழுதினதுண்ணே?” என்றார்.

“நான்தாங்க. ஊர்ல அண்ணன்னு நினைச்சுக்கிட்டு இருக்காங்க.”

“நீங்க சொல்லலையா?”

“யாரும் கேக்கல. அவன் பாடிட்டா அது அவன் எழுதின மாதிரிதான் இருக்கும்.”

“பதிவு பண்ணியிருக்கீங்களா?”

“எதுக்குங்க? எல்லாருக்கும் தெரிஞ்ச பாட்டுதானே.”

ஷலேந்திரா பெருமூச்சு விட்டார். ஒரு நாளைக்கு எத்தனை தடவை விடுகிறாரோ, அதில் ஒன்று. “சரி. பாடிக் காட்டுங்க. பதிவு பண்ணிக்கிறேன். உங்களுக்குப் பாட்டு தெரியும்ங்கறதுக்கு அது ஒரு சாட்சி. கடிதத்தோட சேத்து அனுப்பிப் பாப்போம்.”

“பாட முடியாதுங்க.”

“தொண்டை கட்டிருக்கா?”

“அண்ணனுக்கு நூறு நாள் விலக்கு. இன்னும் ஐம்பத்தொன்பது இருக்கு.”

“லேசா முனகினாப் போதும்.”

“முனகினாலும் பாட்டுதானுங்களே.”

ஷலேந்திரா மின்விசிறியைப் பார்த்தார். மின்விசிறியிடம் யோசனை எதுவும் இல்லை. “அப்ப வார்த்தையை மட்டும் சொல்லுங்க” என்றார்.

லிவாய் எழுந்து நின்று, கையைக் கட்டிக்கொண்டு, கப்பல் பாட்டைச் சொன்னார். இருபத்தாறு வருடமாக மீட்டர் எண்களைச் சொல்லிப் பழகிய குரல். பாதிரியாரிடம் விடைபெற்றதும் பன்றியிடம் விடைபெற்றதும் கப்பல் போனதும் எல்லாம் ஒரே சீராக, பில் போடத் தோதாக வந்தது. ஷலேந்திரா அதைக் கணினிக்குக் கொடுத்தார். கணினி கொஞ்சம் சுற்றிவிட்டு, ‘பேச்சு, இசை எதுவும் இல்லை’ என்றது.

“நூறாம் நாள் முடிஞ்சதும் வந்து பாடுங்கண்ணே. முறைப்படி பதிவு பண்ணிடலாம்” என்றார் ஷலேந்திரா.

“எனக்கு நூறாம் நாளைக்கே வேணுங்க.”

ஷலேந்திரா உரிமை கேட்டது யாரென்று தேடினார். சிட்னியில் ஒரு கம்பெனி. உலகத்துக்குப் பாட்டு விநியோகிப்பது அவர்கள் தொழில். யார் எதைக் கொண்டுவந்து கொடுத்தாலும் ஏற்றி விடுவார்கள். அதற்குப் பிறகு அதே ஒலி வேறெங்கே கேட்டாலும் அவர்களுடைய இயந்திரமே போய்ப் பிடித்துக்கொள்ளும். பாட்டைக் கொடுத்த ஆளின் படமும் இருந்தது. தொப்பியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, கழுத்தில் ஹெட்போனோடு, டீஜே கினி.

லிவாய் படத்தைப் பார்த்ததும் சிரித்துவிட்டார். முப்பத்தெட்டாம் நாளுக்குப் பிறகு அன்றைக்குத்தான் சிரித்தார்.

“என்னண்ணே, தெரிஞ்ச ஆளா?”

“தோபுவா தீவுக்காரப் பய. எங்களுக்குத் தௌவு.”

ஷலேந்திராவும் இந்த நாட்டிலேயே பிறந்து வளர்ந்தவர், அதனால் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். தௌவு என்றால் சொல்லிப் புரியவைக்கிற உறவு இல்லை. இரண்டு ஊருக்கும் ஆதியில் ஒரே முன்னோர். ஆகவே ஓர் ஊர்க்காரன் இன்னோர் ஊருக்குள் நுழைந்து, கேட்காமலே கோழியைப் பிடிக்கலாம், கிழங்கைத் தோண்டலாம், கொடியில் காய்கிற சட்டையைப் போட்டுக்கொண்டு போகலாம். வாய்க்கு வந்தபடி திட்டலாம். பறிகொடுத்தவன் கோபித்துக்கொண்டால் அவனுக்குத்தான் அசிங்கம். சிரித்துவிட்டு, சமயம் பார்த்துப் போய், அதைவிடப் பெரிதாக எதையாவது தூக்கிக்கொண்டு வர வேண்டும்.

“அப்ப அவரு திருடல” என்றார் ஷலேந்திரா.

“சேச்சே. எடுத்திருக்கான்.”

“இதுக்கு எங்கிட்ட படிவம் கிடையாதுண்ணே.”

வீட்டுக்கு வந்து சிட்னிக்குப் போன் போட்டார்கள். உலமிலா பக்கத்தில் காதை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

“யாரு?” என்றான் கினி.

“உங்க ஊர்க் கோழியில பாதியைத் தின்ன லிவாய் பேசுறேன்.”

“ஓ, தௌவு. நீ இன்னும் சாகலையா?”

“வரிசையில நின்னேன். எங்கண்ணன் முந்திக்கிட்டான்.”

அந்தப் பக்கம் சிரிப்பு பாதியில் நின்றது. “எமோசி அண்ணனா?”

“ஏப்ரல்ல.”

 பின்னால் ஏதோ ரயில் போகிற சத்தம் கேட்டது. பிறகு கினி சொன்னான்: “நான் எடுத்தப்ப உசிரோடதான் இருந்தாரு தௌவு. அதான் கேக்காம எடுத்தேன். செத்திருந்தா கேட்டிருப்பேன்.”

இது முழுக்க நியாயமான பேச்சு. லிவாய் தலையாட்டினார். உலமிலா போனைப் பிடுங்கினாள்.

“பன்னி மூஞ்சி, எடுத்த, சரி. எங்க வீட்டுப் படத்துல ஏண்டா சத்தத்தை நிறுத்தின?”

“நான் எங்கே நிறுத்தினேன் அக்கா? பாட்டைக் கொடுத்தேன், அவ்வளவுதான். கீழே டிரம் போட்டு, கொஞ்சம் வேகமாக்கி. ஆனா நல்லா ஓடுதுக்கா. இங்க புல்லு வெட்டுற மிஷினு விளம்பரத்துக்கு வாங்கிப் போட்டிருக்காங்க.”

“எமோசி மச்சான் குரலையா?”

“ஆமா. ஒருத்தன் புல்லு வெட்டுறான், இவரு மேலே பாடுறாரு.”

உலமிலா போனைத் திரும்ப லிவாயிடம் கொடுத்தாள். 

“அண்ணன் ஜென்மத்துல புல்லு வெட்டினதில்ல” என்றார் லிவாய். “அண்ணி கேள்விப்பட்டா, இதுக்குத்தான் இருந்தியான்னு குழியத் தோண்டி அடிப்பா.”

கினி அன்றைக்கே கம்பெனிக்கு எழுதினான். இது என் தௌவு குடும்பத்துப் பாட்டு, விட்டுவிடுங்கள் என்று. பதில் பத்து நாள் கழித்து வந்தது. தங்கள் கோரிக்கை கிடைத்தது, பரிசீலிக்கத் தொண்ணூறு வேலை நாள் ஆகும், ஆனால் காணொளியை ஏற்றியவரே எங்கள் உரிமையை ஏற்கெனவே ஒப்புக்கொண்டுவிட்டதால் தகராறு எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. ‘திரு. லிவாய் அவர்களின் ஒத்துழைப்புக்கு நன்றி’ என்றும் சேர்த்திருந்தார்கள்.

தொண்ணூறு வேலை நாள் என்றால் அக்டோபர். நூறாம் நாள் ஜூலையில்.

கினி தன்னிடம் இருந்ததையாவது அனுப்புகிறேன் என்று அனுப்பினான். சுத்தமான பதிவை அவன் வைத்துக்கொள்ளவில்லை, டிரம் போட்டதுதான் மிச்சம். உலமிலா கேட்டுப் பார்த்தாள். எமோசியின் குரல் கொசுக் குரலாக, ஒரே வரியைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு ஓடியது. பாதிரியாரும் இல்லை, பன்றியும் இல்லை. கப்பல் மட்டும் போய்க்கொண்டே இருந்தது. அவள் அதைப் பாதியில் நிறுத்திவிட்டாள். லிவாய், “நல்லா இருக்கு, நன்றி” என்று கினிக்குச் செய்தி அனுப்பினார். வேறு என்ன அனுப்புவார் அவர்?

ஆனால் கணக்கு ஒன்று பாக்கி இருந்தது. ஜூலை மூன்றாம் வாரம் லிவாய் லீவு போட்டுக் கப்பலேறி, ஊருக்குப் போகிற வழியில் தோபுவாவில் இறங்கினார். கினியின் அப்பா வீட்டுப் பட்டிக்கு நேராகப் போய் இரண்டு பன்றியைக் கட்டினார். சின்னதாகப் பார்த்து எடுக்கவில்லை.

கொழுத்த பன்றிகள் கத்துகிற சத்தத்தில் கினியின் அப்பா வெளியே வந்தார். “டேய் வுனிதாகா நாயி, என்னடா பண்ற?”

“உங்க புள்ள எங்க பாட்டை எடுத்தான்.”

“எந்தப் பாட்டு?”

“கப்பல் பாட்டு.”

கிழவர் யோசித்தார். “அப்ப இன்னொண்ணு எடுத்துக்க” என்றார். “ரெண்டு பத்தாது.”

மனிதர்களுக்கு நடுவே அந்த விவகாரம் அத்துடன் தீர்ந்தது.

நூறாம் இரவு என்பது பேருக்குத்தான். சடங்கு மத்தியானமே தொடங்கிவிடும். பாதிரியார் ஜெபித்தார். அண்ணி கறுப்பைக் களைந்து பூப்போட்ட சட்டை போட்டுக்கொண்டாள். ஆண்கள் வரிசையாகச் சவரம் செய்துகொண்டார்கள். பலர் முகம் நாம் நினைத்திருந்ததைவிடச் சின்னது என்று தெரிந்தது. உலமிலா ஒரு டின் மீனைத் திறந்து, மூன்று பன்றி வெந்துகொண்டிருக்கும்போது, யாருக்கும் கொடுக்காமல் தனியாகச் சாப்பிட்டாள்.

பிறகு கோயில் கூடத்தில் ஜன்னல்களைப் பாயால் மூடி, துணி கட்டி, தைனா படத்தைப் போட்டாள். சத்தம் வராது என்று லிவாய் அண்ணியிடம் முன்பே சொல்லிவிட்டார். காரணத்தையும் சொன்னார்.  “உன்ன மாதிரி ஒருத்தனை எங்க போய்த் தேடுறது” என்றாள் அண்ணி. திட்டா பாராட்டா என்று லிவாய்க்குப் பிடிபடவில்லை. பிறகு, மூஞ்சியாவது பார்க்கலாம், போடு என்றாள்.

படம் ஓடியது. நாலு பேர் பாயில் உட்கார்ந்திருந்தார்கள், பன்னிரண்டு வருடம் இளையவர்களாக. குழுவில் கிதார் வாசிக்கிற நெமானி, துணியில் தன் பழைய விரல்களையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, யாரும் சொல்லாமல் கிதாரை எடுத்து அவற்றோடு சேர்ந்து வாசிக்கத் தொடங்கினான். உக்குலேலே சேர்ந்தது. லிவாய் வாயைத் திறந்தார். நூறு நாள் மூடிக் கிடந்த குழாய் மாதிரி முதலில் காற்றுதான் வந்தது. அப்புறம் குரல் வந்தது.

எமோசியின் குரலை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. ஊரில் உச்சக் குரலுக்குப் பையன்கள் இருந்தார்கள். ஒருத்தனும் வாயைத் திறக்கவில்லை. மூவரும் அடியில் பாடினார்கள், மேலே எமோசியின் வாய் அசைந்தது. அவர் தனியாகப் பாடுகிற இடங்கள் வந்தபோது மூவரும் நிறுத்திக் காத்திருந்தார்கள். ஜெனரேட்டர் மட்டும் ஓடியது. பன்றி வரியில் துணிமேல் எமோசி கண்ணைச் சிமிட்டினார். கூடமே சிரித்தது, சரியான இடத்தில். லிவாய் அழுதுகொண்டே அடிக்குரலைப் பிடித்தார். அண்ணி அழவில்லை. அவள் அந்த வாயைப் பார்த்துக்கொண்டு, ஒவ்வொரு வார்த்தையையும் சத்தமில்லாமல் கூடவே சொல்லிக்கொண்டிருந்தாள்.

இதையும் தைனா படம் பிடித்தாள், சுவா வந்ததும் பழைய இடத்திலேயே ஏற்றினாள்.

லிவாய் இந்தத் தடவை தயாராக இருந்தார். கடிதம் வந்தால் எந்தப் பொத்தானை அழுத்துவது என்று உலமிலா அவருக்கு மூன்று முறை பாடம் எடுத்திருந்தாள். முதல் நாள் வரவில்லை. இரண்டாம் நாள் வரவில்லை. ஒரு வாரம் வேலைக்குப் போகிற பஸ்ஸில் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். எட்டாம் நாள் செருப்புக் கடை மாடிக்கு ஏறினார்.

“உரிமை கேட்டு யாருமே எழுதலீங்க” என்றார்.

“நல்லதுதானேண்ணே.”

“அதே பாட்டு. அதே ஊரு, அதே கூடம். முதல் தடவை மட்டும் எப்படிக் கண்டுபிடிச்சுது?”

ஷலேந்திரா புதுப் படத்தைக் கணினிக்குக் கொடுத்துப் பார்த்தார். கணினி சுற்றியது. ‘ஒத்த பதிவு எதுவும் இல்லை’ என்றது. அவர் கொஞ்சம் தயங்கினார். “அது பாட்டைப் பாக்கிறதில்லண்ணே. அந்த ஆளு பழைய படத்துலேருந்து எடுத்தது உங்க அண்ணன் குரலை மட்டும். மிஷினு அந்தக் குரலைத்தான் தேடுது. இதுல அது இல்ல. அதனால அதுக்கு இது வேற பாட்டு.”

லிவாய் நாற்காலியில் உட்கார்ந்தார். கடிதம் வராததற்கு ஒருவன் இவ்வளவு வருத்தப்பட முடியும் என்று ஷலேந்திரா பார்த்ததில்லை.

“சரியாத்தான் சொல்லுது” என்றார் லிவாய்.

ஷலேந்திரா எழுந்து பீரோவை இழுத்து ஒரு படிவத்தை எடுத்தார். அவருக்கு அந்த நேரத்தில் செய்யத் தெரிந்த காரியம் அது ஒன்றுதான். “இப்ப விலக்கு முடிஞ்சிருச்சுல்ல. இதைப் பதிவு பண்ணிடலாம். இனிமே யாரும் கேக்க முடியாது.”

பாட்டின் பெயர்: கப்பல் பாட்டு. எழுதியவர் என்ற இடத்தில் லிவாய் பேனாவை ரொம்ப நேரம் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு தன் பெயரை எழுதினார். எழுத்து கொஞ்சம் கோணலாக வந்தது. இசைக் கருவிகள்: கிதார், உக்குலேலே. பாடியவர்கள் என்ற இடத்தில் நிறுத்தாமல் நாலு பெயரை எழுதினார். முதல் பெயர் எமோசி.

ஷலேந்திரா படிவத்தைத் திருப்பிப் பார்த்தார். “அண்ணே, இந்தப் பதிவுல அண்ணன் குரல் இல்லையே. மூணு பேர்தான் வரணும். முதல் பேரை அடிச்சிரட்டுமா?”

“இல்ல” என்றார் லிவாய்.

ஷலேந்திரா நிமிர்ந்து பார்த்தார். லிவாயும் தன் குரலைத் தானே கேட்டவர் போல உட்கார்ந்திருந்தார்.

“இல்ல. அடிக்காதீங்க. நாங்க இடம் விட்டுப் பாடியிருக்கோம்.”

ஷலேந்திரா அடிக்கவில்லை. முத்திரையில் மை இருக்கிறதா என்று உள்ளங்கையில் ஒரு தடவை குத்திப் பார்த்துவிட்டு, படிவத்தில் வைத்து அழுத்தினார்.